ரான் மியூக்கின் சிலைகள் மெழுகுப் பொம்மைகளிலிருந்து எங்கே வேறுபடுகின்றன?

கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஆஸ்திரேலியச் சிற்பி ரான் மியூக்கின் சிலைகளை வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். தோல் சுருக்கம், நகக்கண், முழங்கை வறட்சி வரை அச்சு அசலாக இருக்கிறதே என்று வியந்திருக்கிறீர்கள். கூடவே ஒரு சந்தேகம்: மெழுகுச்சிலைக் காட்சியகத்திலும் இதைத்தானே செய்கிறார்கள், ஆளைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ வைத்துவிட்டால் அது கலையாகிவிடுமா, இதில் மனிதநேயம் இருக்கிறது என்று எழுதுகிறார்களே, அது எங்கே இருக்கிறது? கடைசியாக, களிமண் வேலை பழகிக்கொண்டிருக்கும் நீங்கள் இந்தப் பாதையில் இறங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல கேள்விகள்போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒரு மனிதரைத் தத்ரூபமாகச் செய்யக் கைத்திறன் போதும். அந்தத் திறன் எந்த இடத்தில் ஒரு பார்வையாக மாறுகிறது?

நான் சிற்பம் படித்தவன். படிப்புக்குப் பிறகு பெரும்பாலும் சினிமா கலைத்துறைக்காக டம்மி உடல்கள், வெட்டுப்பட்ட கைகள், முதிய முகங்கள் என்று சிலிகோனிலும் ஃபைபரிலும் (ரெசினில் தோய்த்து இறுகவைத்த கண்ணாடி இழை) வேலை பார்த்து வருகிறேன். ஆகவே பொருளையும் செய்முறையையும் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். கலை வரலாற்றில் நான் வாசகன் மட்டுமே. மியூக்கின் வேலைகளில் நேரில் பார்த்தவை சில, மற்றவை படங்களின் வழியே. ஒரு சிலை என்ன சொல்கிறது என்ற பேச்சு வரும்போது என் கருத்தை என் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தன் வேலையை விளக்கிப் பேசுவது மிகவும் அரிது என்பதால் அந்த இடத்தில் யார் சொல்வதும் ஓரளவு ஊகம்தான்.

மியூக் 1958இல் மெல்போர்னில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள், பொம்மை செய்பவர்கள். ஆஸ்திரேலியாவில் குழந்தைகள் தொலைக்காட்சிக்குப் பொம்மைகள் செய்தார், பிறகு 'மப்பெட்ஸ்' பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சனின் குழுவில் வேலை பார்த்தார், அதற்கப்புறம் லண்டனில் விளம்பரப் படங்களுக்கு மாதிரி உருவங்கள் செய்து கொடுக்கும் சொந்தத் தொழில். விளம்பரத்துக்குச் செய்யும்போது கேமரா நிற்கும் பக்கம் மட்டும் கச்சிதமாக இருந்தால் போதும்; பின்பக்கம் கம்பியும் கட்டையும் துருத்திக்கொண்டிருக்கும். எங்கள் பட்டறையிலும் அப்படித்தான். எந்தப் பக்கம் சுற்றி வந்து பார்த்தாலும் முழுதாக நிற்கும் உருவம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசை அவரைச் சிற்பத்தின் பக்கம் திருப்பியது. 1996இல் தன் மாமியார், ஓவியர் பவுலா ரேகோவுக்காக ஒரு பினோக்கியோ உருவம் செய்தார். அது லண்டன் ஹேவர்ட் கேலரியில் வைக்கப்பட்டது. ரேகோ வழியாகத்தான் சேகரிப்பாளர் சார்ல்ஸ் சாட்சியின் கண்ணில் பட்டார். மறு ஆண்டு ராயல் அகாடமியில் நடந்த 'சென்சேஷன்' கண்காட்சியில் அவருடைய 'இறந்த அப்பா' இடம்பெற்றது. அதன் பிறகு அவர் பெயரை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இனி செய்முறை. உங்கள் சந்தேகத்துக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடும். தத்ரூபமான உருவம் வேண்டுமென்றால் சுலபமான வழி உயிருள்ள ஆளின் மேலேயே அச்சு எடுப்பது. உடம்பில் ஆல்ஜினேட்டோ (பல் மருத்துவர்கள் அச்சு எடுக்கும் பசை) சிலிகோனோ பூசி, மேலே பிளாஸ்டர் பேண்டேஜ் சுற்றி, காய்ந்ததும் கழற்றி, உள்ளே வார்த்துவிடலாம். கைரேகைவரை வந்துவிடும். ஆனால் அப்படி வருவது ஆளுயரம் மட்டும்தான். ஒரு விரல்கடை கூடவும் வராது, குறையவும் வராது. மியூக் ஆளுயரத்தில் செய்வதில்லை. நிஜ அளவு மனிதர்களைத் தினமும் பார்க்கிறோம், அதில் தனக்கு ஆர்வம் வரவில்லை என்பது அவர் சொன்ன சில சொற்களில் ஒன்று. அந்த ஒரு முடிவு, உடம்பிலிருந்து அச்சு எடுக்கும் குறுக்குவழியை அடைத்துவிடுகிறது. ஒவ்வொரு சுருக்கத்தையும் கண்ணால் பார்த்து, கையால் களிமண்ணில் இழுத்தாக வேண்டும். முதலில் சின்ன மாதிரிகள், பிறகு எந்த அளவு என்று தீர்மானம், பிறகு கம்பிவலையும் பிளாஸ்டரும் கொண்ட கூடு, அதன்மேல் களிமண், களிமண்ணில் தோலின் துளைகள். அதற்கப்புறம்தான் அச்சும் வார்ப்பும். இன்று ஒரு ஆளை ஸ்கேன் செய்து எந்த அளவிலும் பிரிண்ட் எடுத்துவிட முடியும் என்பது உண்மை. இங்கே நான் விரிவாகப் பேசும் மியூக்கின் மனித உருவங்கள் களிமண் வழி வந்தவை.

பிரெஞ்சுச் சிற்பி ரோடின் கதை இதற்கு நல்ல சாட்சி. 1877இல் அவர் 'வெண்கல யுகம்' என்ற ஆளுயர இளைஞனைக் காட்சிக்கு வைத்தபோது, இவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறதே, ஆள்மேல் நேராக அச்சு எடுத்திருப்பார் என்று குற்றம் சாட்டினார்கள். சிற்பிக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அடுத்ததாக யோவான் ஸ்நானகனைச் செய்தபோது ஆளுயரத்தைத் தாண்டிய அளவில் செய்தார். அந்த அளவுக்கு எந்த மனிதர் உடம்பிலிருந்தும் அச்சு எடுக்க முடியாதல்லவா? அளவு என்பது சிற்பிக்கு எவ்வளவு கூர்மையான கருவி என்று எனக்கு முதலில் புரியவைத்தது இந்தச் செய்திதான்.

அளவை மாற்றினால் மற்ற எல்லாம் தானாகப் பெரிதாகிவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. முடியை எடுத்துக்கொள்ளுங்கள். மனித முடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாதி அளவுத் தலையில் அதே முடியை நட்டால் கம்பிபோல விறைத்து நிற்கும். விக் வைத்த பொம்மையாகிவிடும். ஐந்து மடங்குத் தலையில் அதே முடியை நட்டால் பூனை ரோமம்போல இருக்கும். ஆகவே சிறிய உருவத்துக்கு இன்னும் மெல்லிய இழை, பெரிய உருவத்துக்குக் குதிரைமுடியோ செயற்கை இழையோ தேட வேண்டும். நடும் விதமும் பொருளைப் பொறுத்தது. சிலிகோன் மெத்தென்று இருக்கும். ஊசியால் ஒவ்வொரு முடியாகக் குத்திச் செருகிவிடலாம். ஃபைபர் கல்லைப்போல, ஒவ்வொரு முடிக்கும் ஒரு துளை போட்டு ஒட்ட வேண்டும். புருவம் ஒன்றுக்கே நாட்கள் ஓடிவிடும். முடி விழும் திசை தவறினால் முகபாவமே மாறிவிடும் என்பதால் அந்த வேலையை உதவியாளரிடம் கொடுக்கவும் மனம் வராது.

நிறம் இன்னொரு தலைவலி. சிலிகோனில் அச்சின் உட்பக்கம் முதலில் பூசும் அடுக்குதான் கடைசியில் வெளித்தோலாக வரும். அதனால் தலைகீழாக யோசிக்க வேண்டும். முதலில் மச்சமும் தேமலும், பிறகு கண்ணாடிபோல மெல்லிய ஓர் அடுக்கு, அதன் பின்னால் செம்மை, அதற்கும் பின்னால் நரம்பின் நீலம். வெளிச்சம் மேல் அடுக்கைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பி வரும்போதுதான் அது தோல். மேலே பெயிண்ட் அடித்தால் எவ்வளவு நன்றாக அடித்தாலும் அது பெயிண்ட்தான். கண்ணும் அப்படியே. கருவிழியின் நிறத்தட்டு பின்னால் இருக்க வேண்டும், அதன் முன்னால் தெளிந்த ரெசினில் ஒரு குமிழ், கீழ் இமையின் ஓரத்தில் ஈரத்தின் கோடு. அந்த ஈரக்கோடு இல்லாவிட்டால் உருவம் செத்துப்போயிருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு மெழுகுச்சிலைக் காட்சியகத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். அங்கேயும் களிமண்ணில்தான் உருவத்தைச் செய்கிறார்கள், முடியை ஒவ்வொன்றாகத்தான் நடுகிறார்கள், நிறத்தை அடுக்கடுக்காகத்தான் ஏற்றுகிறார்கள். உழைப்பில் குறைவில்லை. வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. மெழுகுச்சிலையின் முன் நாம் கேட்கும் கேள்வி 'அவரைப்போல இருக்கிறதா?' என்பது. நடிகரோ கிரிக்கெட் வீரரோ தலைவரோ, நமக்கு ஏற்கெனவே தெரிந்த முகம். சரிபார்த்துவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். மியூக்கின் ஆட்கள் யாரென்று நமக்குத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க அசல் கிடையாது. அவர்கள் பெரும்பாலும் நம்மைப் பார்ப்பதும் இல்லை. கண்கள் எங்கோ நிலைத்திருக்கும். மெழுகுச்சிலை நமக்காகச் சிரித்துக்கொண்டு நிற்கிறது. இவர்கள் தங்கள் யோசனையில் இருக்கும்போது நாம் உள்ளே நுழைந்துவிட்டோம்.

இதிலிருந்து என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். ஆளுயரத்தில் தத்ரூபமாக இருக்கும் உருவம் ஒரு கணம் நம்மை ஏமாற்றுகிறது. ஆள் என்று நினைக்கிறோம், இல்லை என்று தெரிகிறது, 'அட' என்கிறோம். அந்த 'அட'வோடு கதை முடிந்துவிடுகிறது. மியூக்கின் உருவம் அறைக்குள் நுழைந்த மாத்திரத்தில் 'நான் நிஜமான ஆள் இல்லை' என்று அளவாலேயே சொல்லிவிடுகிறது. ஏமாற்று வேலைக்கே அங்கே இடமில்லை. அப்படியும் நெருங்கிப் போகப்போகத் தோல், நரம்பு, ஈரம் எல்லாம் 'நான் ஆள்தான்' என்று எதிர்ச்சாட்சி சொல்கின்றன. மனம் எந்த முடிவுக்கும் வர முடியாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாமதத்தைத்தான் அவர் அளவைக் கொண்டு சம்பாதிக்கிறார். இது என் வாசிப்பு, நிரூபிக்கப்பட்ட உண்மையல்ல. இதோடு சேர்த்து அடிக்கடி சொல்லப்படும் 'விசித்திரப் பள்ளத்தாக்கு' விஷயத்திலும் கவனம் தேவை. மனிதரை மிக நெருங்கிய உருவம், இன்னும் முழுதாக எட்டாத நிலையில், நமக்கு அருவருப்பூட்டும் என்று ஜப்பானிய ரோபாட் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அவர் வைத்தது ஒரு கருதுகோள்தான்; அதை இயற்கை விதிபோல மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்குத் தோன்றுவது, அளவு மாறியதால் மியூக்கின் உருவங்கள் அந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பிக்கின்றன என்பது. இதையும் ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய உருவங்களைப் பார்ப்போம். உலகெங்கும் பெரிய சிலை என்றால் அதிகாரம். எகிப்தில் ராம்சேஸ், ரோமில் கான்ஸ்டன்டைன். நம் ஸ்தபதிகள் தாளமானம் என்ற உருவ அளவுக் கணக்கில் தேவருக்கு ஒரு விகிதம், பூதகணத்துக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே புடைப்புச் சிற்பத்தில் அடியார் சுவாமியின் முழங்காலுக்கு வருவார். பெரியவர் என்றால் பெரிதாகவே இருப்பார். ஃபிளாரன்ஸில் மைக்கலாஞ்சலோ 1504இல் முடித்த டேவிட் 5 மீட்டருக்கும் மேல் உயரம்; மனித உடலின் பெருமிதத்தை அந்த அளவு பேசியது. மியூக் அதே அளவை எடுத்துக்கொண்டு அதற்குள் வேறு ஆட்களை உட்கார வைக்கிறார். 1999இல் செய்த 'பையன்' ஏறத்தாழ 5 மீட்டர் உயரம், குந்தி உட்கார்ந்து, கைகளுக்குப் பின்னாலிருந்து சந்தேகத்தோடு பார்க்கிறான். எழுந்து நின்றால் கூரை போய்விடும். ஆனால் பயந்திருப்பவன் அவன். லண்டன் மில்லேனியம் டோமிலும், 2001இல் வெனிஸ் பினாலேயிலும் வைக்கப்பட்டு, இப்போது டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறான். 2005இல் செய்த 'காட்டு மனிதன்' 2.85 மீட்டர், நிர்வாணமாக, முக்காலியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் எதிரில் நிற்கும் நாம் சின்ன ஆட்கள், அவர் நம்மைக் கண்டுதான் மிரண்டிருக்கிறார். 1998இன் 'பேய்' எனக்கு இன்னும் பிடித்தது. நீச்சல் உடையில் சுவரில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு விடலைப் பெண், உயரம் 2 மீட்டர். வளர்கிற வயதில் திடீரென்று நீண்டுவிட்ட கைகாலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு, அந்த அளவு ஏன் என்று யாரும் விளக்க வேண்டாம்.

சிறிய உருவங்களில்தான் அவர் உச்சத்தைத் தொடுகிறார் என்பது என் தீர்ப்பு. 'இறந்த அப்பா' சுமார் 102 சென்டிமீட்டர் நீளம், ஆளுயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. தன் தந்தை இறந்த பிறகு நினைவிலிருந்து செய்தது. மல்லாந்து கிடக்கிறார், உடலில் துணி இல்லை, கைகள் உடம்பை ஒட்டி, உள்ளங்கைகள் மேல்நோக்கி. தலைமுடி மகனுடையதே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தாழ்வான மேடையில் கிடக்கும் அவரைப் பார்க்க நாம் குனிகிறோம். அப்பாவின் உடலைக் கடைசியாகக் குளிப்பாட்டியவர்களுக்கு இந்த அளவு அதிர்ச்சியாக இருக்காது. சிறு வயதில் வீட்டையே அடைத்துக்கொண்டு நின்ற மனிதர் அன்று பாயில் அவ்வளவுதான் இருப்பார். கண்ணளவில் இதில் இன்னொன்றும் நடக்கிறது என்று நினைக்கிறேன். உருவத்தின் அளவு 'இவர் பத்தடி தள்ளிக் கிடக்கிறார்' என்கிறது, காலின் தோல் விவரம் 'உன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்' என்கிறது. பக்கத்தில் இருந்தும் எட்டாமல் இருப்பது மரணத்தின் இயல்பு, அதை அளவின் முரணாலேயே சொல்லிவிட்டார். பெரிய உருவங்களில் இதே கணக்கு திரும்பி விழுகிறது. ஒரு முகம் நம் பார்வை முழுவதையும் அடைப்பது கைக்குழந்தையாக இருந்தபோதும், பிறகு மிக நெருக்கமானவர்களிடமும் மட்டுமே. அந்த நெருக்கத்தை அந்நியர் ஒருவரோடு நமக்குக் கட்டாயமாகக் கொடுக்கின்றன அவை.

2013இல் செய்த 'இளம் ஜோடி'யைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். 89 சென்டிமீட்டர் உயரம். ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஒட்டி நிற்கிறார்கள். முன்பக்கம் பார்த்தால் அவன் அவள் பக்கம் குனிந்து ஏதோ சொல்வதுபோல, காதலர்கள்போல இருக்கிறது. பலர் அதோடு நகர்ந்துவிடலாம். சுற்றிப் பின்னால் போனால் அவன் அவள் கையைப் பிடித்திருப்பது தெரியும். விரல்களைக் கோக்கவில்லை, மணிக்கட்டைப் பற்றியிருக்கிறான். இது அன்பா, மிரட்டலா, சமாதானமா? மறுபடி முன்னால் வந்து அவள் முகத்தைப் பார்த்தால் அது முன்பு பார்த்த முகமாக இருக்காது. கேமராவுக்காக ஒரே பக்கம் செய்து பழகிய கை, ஒரு சிலையின் செய்தி முழுவதையும் பின்பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறது. இது மட்டும் ஆளுயரத்தில் இருந்திருந்தால் அவ்வளவு நெருங்கிப் போய் இரண்டு பேரின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க நமக்குக் கூச்சமாக இருந்திருக்கும். சிறிதாக இருப்பதால் போகிறோம். போன பிறகு அந்தக் கூச்சம் வருகிறது. 2005இன் 'அணைத்துக் கிடக்கும் ஜோடி'யும் இப்படித்தான்: வெறும் 65 சென்டிமீட்டர் நீளம், ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டிப் படுத்திருக்கிறார்கள், உடல்கள் சேர்ந்திருக்கின்றன, மனம் சேர்ந்திருக்கிறதா என்பது மட்டும் தெரியவில்லை.

மனிதநேயம் எங்கே என்று கேட்டீர்கள். மியூக் அந்த வார்த்தையைத் தன் வேலைக்கு ஒட்டிக்கொண்டதில்லை, விமர்சகர்கள் ஒட்டியது. மேற்பரப்பில் நிறைய நேரம் செலவிட்டாலும் தனக்கு வேண்டியது உள்ளிருக்கும் வாழ்க்கை என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார், அவ்வளவுதான். நான் அதைக் கவனம் யாருக்குப் போகிறது என்ற கேள்வியாகப் பார்க்கிறேன். 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் கிரெகோரியோ ஃபெர்னாண்டெஸ் மரத்தில் இறந்த கிறிஸ்துவைச் செதுக்கினார். கண்ணாடிக் கண்கள், மாட்டுக்கொம்பு நகங்கள், உறைந்த ரத்தத்துக்கு கார்க் மரப்பட்டை. நுணுக்கத்தில் மியூக்குக்குச் சற்றும் குறையாது. ஆனால் அந்த உடலுக்கு அவ்வளவு கவனம் கிடைத்தது அது தேவகுமாரனின் உடல் என்பதால். 1881இல் பாரிஸில் ஓவியர் தெகா பதினான்கு வயது நடனச் சிறுமியை மெழுகில் செய்து, நிஜ முடியும் துணிப்பாவாடையும் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். அதுவும் மூன்றில் இரண்டு பங்கு அளவு. ஏழை வீட்டுப் பெண், சாதாரண முகம். பார்த்தவர்களில் சிலர் குரங்கு என்றார்கள், உடற்கூறு அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டியது என்றார்கள். சாதாரண உடலுக்கு அந்த அளவு கவனம் கொடுத்ததைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். மியூக் வந்து சேர்ந்தது இந்த வழியில். லண்டன் நேஷனல் கேலரி அவரை உடன்பணியாற்றும் கலைஞராக அழைத்தபோது, சுற்றிலும் மாதாவும் பாலகனுமாக ஓவியங்கள். அவற்றின் நடுவில் அவர் செய்த 'தாயும் சேயும்' சிறிய உருவம்: இப்போதுதான் பெற்றெடுத்திருக்கிறாள், குழந்தை வயிற்றின்மேல் கிடக்கிறது, தலையைத் தூக்கி அதைப் பார்க்கிறாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் கிடக்கின்றன. அணைக்கவில்லை, சிரிக்கவில்லை. யார் இது என்று பார்க்கிறாள். பிரசவ அறையில் நின்றவர்களுக்கு இது தெரிந்த பார்வை, ஓவியங்களில்தான் காணோம்.

எடின்பரோவில் அவருடைய 'சிறுமி'யை நேரில் பார்த்தேன். அப்போதுதான் பிறந்த பெண் குழந்தை, 5 மீட்டர் நீளம், 2006இல் செய்தது. தலையில் ஈரத்தில் ஒட்டிய முடி, உடம்பில் அங்கங்கே ரத்தக் கறை, அறுத்த தொப்புள்கொடி. ஒரு கண் மட்டும் கீற்றாகத் திறந்திருக்கிறது. அந்தக் கண்ணுக்கு நேராக நின்றால், பிறந்து ஒரு நிமிடமே ஆன ஒருத்தி நம்மை முதன்முதலாக எடைபோடுவதுபோல இருக்கும். 'அழகு', 'பாவம்' என்று எதுவும் வாயில் வரவில்லை. குழந்தையைச் சின்னதாகப் பார்த்தே பழகியதால் அதன் கஷ்டம் நம் கண்ணில் படுவதில்லை; பிறப்பது எவ்வளவு பெரிய சிரமம் என்று அந்த முகத்தின் கசங்கலைப் பார்த்துத்தான் நினைத்தேன்.

எதிர்க்கருத்தையும் வைக்க வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது. இவை வேடிக்கைப் பொருட்கள், கூட்டம் கூட்டத்தான் உதவும், இரண்டாம் முறை பார்க்க ஒன்றும் இருக்காது என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. ராட்சத உருவங்களின் முன் செல்ஃபி எடுப்பவர்களின் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கும் அந்தக் கவலை வருகிறது. மெல்போர்னில் 2017இல் வைத்த 'மாஸ்', நூறு ராட்சத மண்டையோடுகளின் குவியல், படங்களில் பார்த்தவரை என்னைத் தொடவில்லை. அங்கே ஒரு தனி மனிதர் இல்லை. 2023இல் பாரிஸ் கார்த்தியே அறக்கட்டளையில் வைத்த மூன்று பெரிய கறுப்பு நாய்களில் அவரே ரோம நுணுக்கத்தை விட்டுவிட்டு, உருவத்தின் திரட்சியையும் நிற்கும் தோரணையையும் மட்டும் நம்பியிருக்கிறார். தத்ரூபம் அவருக்கும் இறுதி இலக்கு இல்லை என்பதற்கு அது சாட்சி. அளவை மாற்றாமலும் இந்தக் கவனத்தைக் கொடுக்க முடியும் என்பதற்கு அமெரிக்கச் சிற்பி டுவேன் ஹான்சன் இருக்கிறார். 1925இல் பிறந்து 1996இல் மறைந்தவர். ஆட்களின் மேலேயே அச்சு எடுத்து, ரெசினில் வார்த்து, பழைய உடைகள் போட்டு, துப்புரவுத் தொழிலாளி, சாமான் வண்டி தள்ளும் பெண், களைத்த சுற்றுலாப் பயணிகள் என்று ஆளுயரத்தில் நிறுத்தினார். நான் மேலே சொன்ன 'அட' அங்கேயும் நடக்கும். ஆனால் நிஜ வாழ்க்கையில் நாம் ஏறிட்டுப் பார்க்காமல் கடந்துபோகும் ஆள் அது என்பதால், ஏமாந்ததே நம்மைக் குத்துகிறது. அதனால் அளவு மட்டுமே வழி என்று நான் வாதிட மாட்டேன். ஹான்சனின் 'சுற்றுலாப் பயணிகள்' ஸ்காட்லாந்து தேசியச் சேகரிப்பில்தான் இருக்கிறது, மியூக்கின் 'சிறுமி' இருக்கும் அதே சேகரிப்பு. வாய்த்தால் இரண்டையும் பாருங்கள்.

இந்தப் பாதையில் இறங்கலாமா என்ற கேள்விக்கு: இறங்குங்கள், ஆனால் சிலிகோனில் தொடங்காதீர்கள். முதலில் உங்கள் இடது கையை மூன்றில் இரண்டு பங்கு அளவில் களிமண்ணில் செய்யுங்கள். அச்சு எடுக்கக் கூடாது, ஸ்கேன் கூடாது, விகிதக் காம்பஸும் (ஒரு அளவை வேறு விகிதத்துக்கு மாற்றித் தரும் கவராயம்) கண்ணும் மட்டும். முதலில் எலும்பும் திரட்சியும் சரியாக வரட்டும்; தோல் கோடுகளைக் கடைசி நாள்வரை தொடாதீர்கள். திரட்சி தவறிய கையில் ரேகை போட்டால் ரேகை போட்ட தவறான கைதான் கிடைக்கும். பிறகு அதே கையை இரண்டு மடங்கில் செய்யுங்கள். எந்த அளவில் கை உங்களை அதிகம் தொந்தரவு செய்கிறதோ அது உங்கள் அளவு. வார்க்கும் நிலைக்கு வரும்போது இரண்டு விஷயம். கந்தகம் கலந்த பிளாஸ்டிசின் (காயாத எண்ணெய்க் களிமண்) மேல் பிளாட்டினம் வகை சிலிகோனை ஊற்றினால் அது இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். வாங்கும்போதே கந்தகம் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். ஃபைபர் ரெசினின் புகை நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் போதாது, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், திறந்த இடம் வேண்டும். ரெசினை இறுகவைக்கக் கடையில் கொடுக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், தீப்பற்றும், வெடிக்கவும் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே அடுத்தது. கையைச் செய்து முடித்ததும் நான்கு பக்கமும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். படத்தில் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். இல்லாவிட்டால் என்ன அளவில் செய்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.